பள்ளித் தண்ணீரைப் பரிசோதிக்கிறோம் என்று 14,600 ரூபாயைத் தொலைத்தோம்

நேற்று ராத்திரிதான் ஏமாந்தது உறுதியானது. ஆத்திரத்தில் தூக்கமே வரவில்லை.

காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். பள்ளியில் பிள்ளைகள் குடிப்பது போர் தண்ணீர். ஊருணித் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்களுக்கு அது வாயில் வைத்தாலே கரிக்கும். ஃப்ளூரைடு, நைட்ரேட், ஈயம், ஆர்சனிக் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று 146 வீட்டில் வீட்டுக்கு நூறு வசூலித்தோம். மொத்தம் 14,600 ரூபாய். வசூல் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது.

வந்தவர் தனியார் பரிசோதனை ஏஜென்ட். முதலில் வீட்டுக்குத்தான் வந்தார். அம்மா போட்ட காபியைக் குடித்துவிட்டு, "ஆச்சி, நானும் இந்தப் பக்கத்துப் பிள்ளைதான். பள்ளிக்கூடத்துக் காசுல கை வைப்பேனா?" என்றார். அப்புறம் பள்ளித் தண்ணீரை டம்ளரில் ஊற்றி, கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்த ஒரு கருவியை வைத்து சுவிட்சைப் போட்டார். இரண்டே நிமிஷத்தில் தண்ணீர் பழுப்பாகி, மேலே நுரையும் கசடுமாக நின்றது. "இதத்தான் ஆச்சி உங்க பேரப்பிள்ளை குடிக்குது." அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். நான் அந்த இடத்திலேயே முழுப் பணத்தையும் போனில் அனுப்பிவிட்டேன்.

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்ததே இல்லை. மின்சாரம் பாயும்போது இரும்புக் கம்பி கரைவதால் வருகிற துரு அது. உப்புள்ள எந்தத் தண்ணீரிலும் வரும். உப்பு குறைந்த ஆர்.ஓ. தண்ணீரில் அவ்வளவாக வராது, அதனால்தான் வித்தை பலிக்கிறது. மின்வேதியியலுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிலையம் இருக்கிற காரைக்குடிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இரண்டு கம்பிக்கு ஏமாந்திருக்கிறேன்!

மாதிரி எடுத்தது பழைய வாட்டர் பாட்டிலில். எல்லாச் சோதனைக்கும் அந்த ஒரே பாட்டில். "ஒரு வாரத்துல ரிப்போர்ட்" என்றவர் ஐந்து வாரம் இழுத்தார். மெஷின் சர்வீஸில் இருக்கிறது, கையெழுத்துப் போடுபவர் லீவு, கூரியரில் வந்துகொண்டே இருக்கிறது. கடைசியில் வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் வந்தது. ஈயம், ஆர்சனிக் கட்டத்தில் 'இல்லை' என்று மட்டும். எந்த முறையில் பார்த்தார்கள் என்ற கட்டம் காலி.

நேற்று புதுவயல் பக்கத்தில் வேலை பார்க்கும் என் தோழி, அவர்கள் பள்ளி ரிப்போர்ட்டை அனுப்பினாள். ஃப்ளூரைடு 0.72, நைட்ரேட் 18.4. எங்களுடையதும் புள்ளி பிசகாமல் அதே. பள்ளிப் பெயர் மட்டும் வேறு.

போன் போட்டுக் கேட்டால், "ரெண்டும் ஒரே நிலத்தடி நீர்தானே மேடம்" என்கிறார். மறுசோதனைக்குப் பாதிப் பணம் கட்டணுமாம். அதைவிட ஒரு ஆர்.ஓ. மெஷின் வாங்கிப் போடுங்கள், தள்ளுபடி தருகிறேன் என்கிறார். 14,600 ரூபாயைத் திருப்பிக் கேட்டதும் என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

என்னென்ன பார்க்கணும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. கம்பி வித்தையை நம்பாதீர்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் மொத்த உப்பைத் தோராயமாகக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் ஈயத்தைக் காட்டாது. ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களைச் சரிபார்த்து அங்கீகரிக்கும் தேசிய வாரியம்) அங்கீகாரம் உண்டா, உங்களுக்கு வேண்டிய சோதனை அதில் அடங்குமா என்று பாருங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் தனித்தனியாகக் கட்டணம் எழுதி வாங்குங்கள். முதலில் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கேளுங்கள், பொதுமக்களுக்கும் குறைந்த கட்டணத்தில் பார்க்கிறார்கள். நான் அங்கே போகாமல் விட்டேன்.

இப்போது ஆள் தேவகோட்டைப் பக்கம் பள்ளி பள்ளியாகப் போகிறார் என்று கேள்வி. அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.