இரவு முழுக்க வானம் பார்க்க எந்தப் பெட்டி?

காவலூர் வானாய்வகத்தார் ஜவ்வாது மலைக்குப் போன அதே காரணத்துக்காகத்தான் எங்களைப் போன்ற பொழுதுபோக்கு வான்நோக்கர்களும் போகிறோம்: இருட்டு. இருட்டு நன்றாக இருக்கும் இடத்தில் பிளக் பாயின்ட் இருக்காது. ஆகவே ஒரு லித்தியம் பவர் ஸ்டேஷன், அதாவது கையில் தூக்கிப் போகக்கூடிய பெரிய பேட்டரிப் பெட்டி, தேவைப்படுகிறது.

கடைக்காரரின் கணக்கை விட்டுவிட்டு நம் கணக்கைப் போடுவோம். தொலைநோக்கியைத் திருப்பும் மோட்டாருக்கு 12 வாட், லென்ஸில் பனி படியாமல் காக்கும் வெப்பப் பட்டைக்கு 10, சிறு கணினிக்கு 8. மொத்தம் 30 வாட். ஏழு மணி நேரத்துக்கு 210 வாட் மணி. மார்கழி, தை மாதத்து நீண்ட இரவில் பத்து மணி நேரம் உட்கார்ந்தால் 300.

ஈகோஃப்ளோ ரிவர் 2 பெட்டியில் 256 வாட் மணி, எடை 3.5 கிலோ. ப்ளூட்டி ஈபி3ஏ பெட்டியில் 268, எடை 4.6 கிலோ. ஒரே நேரத்தில் முன்னது 300 வாட் வரை தரும், பின்னது 600. பலரும் இந்த 600-ஐப் பார்த்துத்தான் மயங்குகிறார்கள். மின்மாற்றத்தில் சுமார் 15 சதவீதம் வீணாகும் என்று வைத்துக்கொண்டால், 600 வாட் முழுவதையும் இழுக்கும்போது இருபத்து மூன்று நிமிடத்தில் ப்ளூட்டி காலி. முப்பது வாட் வேலைக்கு அந்த வேகம் எதற்கு? ப்ளூட்டியின் உண்மையான பலம் வேறு: சூரியத் தகட்டிலிருந்து 200 வாட் வரை ஏற்றுக்கொள்ளும், ரிவர் 2 ஏற்பது 110 தான். இரண்டு மூன்று நாள் முகாம் என்றால் ப்ளூட்டி. ஓர் இரவுக்கு மட்டும் என்றால் இரண்டும் ஒன்றுதான். இரண்டும் விடியும் முன் வயிற்றில் புளியைக் கரைக்கும்.

என் தேர்வு ரிவர் 2 மேக்ஸ். 512 வாட் மணி, ஏறக்குறைய 6 கிலோ. தை மாத இரவையும் தாண்டி, கைபேசிகளுக்கும் மிச்சம் இருக்கும்.

அதே ஈகோஃப்ளோவின் டெல்டா 2 பெரிய ஆள்: 1024 வாட் மணி, 1800 வாட், 12 கிலோ. கெட்டிலில் தேநீர் போடலாமே என்று நண்பர்கள் ஆசை காட்டுவார்கள். ஒரு லிட்டர் தண்ணீர் கொதிக்க 100 வாட் மணி போய்விடும். அதைச் சிறிய எரிவாயு அடுப்பு மலிவாகச் செய்யும். குடும்பத்தோடு வேனில் போய்ச் சமைப்பவர்களுக்கு டெல்டா சரி. பாறைமேல் ஏறி உட்காரும் எனக்கு அது சுமை.

பழைய யூபிஎஸ் பேட்டரி? 12 வோல்ட், 7 ஆம்பியர் மணி என்றால் 84 வாட் மணி. ஈய அமில பேட்டரி நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது. என் குறைந்தபட்சக் கணக்குக்கே ஐந்து வேண்டும், பத்து கிலோவுக்கு மேல்.

மேலே சொன்ன லித்தியம் பெட்டிகள் எல்லாம் இரும்பு பாஸ்பேட் வகை. ஈகோஃப்ளோ 3000 சார்ஜ் சுழற்சி (முழுதாக ஏற்றி இறக்கும் தடவை) என்கிறது, ப்ளூட்டி 2500. பழைய ஜாக்கரி 240 பெட்டி லித்தியத்திலேயே நிக்கல் வகை, 500 சுழற்சி. அமாவாசையை ஒட்டி மாதம் இரண்டு இரவு போகிறவருக்கு 500 என்பதே இருபது ஆண்டு. அதற்குள் வயதாலேயே பேட்டரி தளர்ந்துவிடும். எனவே சுழற்சி எண்ணிக்கைக்காக நான் இரும்பு பாஸ்பேட்டை நாடவில்லை. சித்திரை வெயிலில் காருக்குள் பெட்டியை மறந்துவிடும் ஆள் நான். சூட்டில் நிலைகுலையாமல் தாங்குவதில் அது மேல்.

முதல் தடவை இன்னொரு தவறும் செய்தேன். கணினியை 230 வோல்ட் அடாப்டர் வழியே இணைத்தேன். பெட்டிக்குள் 230 வோல்ட் தரும் இன்வெர்ட்டர் சும்மா விழித்திருக்கவே பத்து வாட் வரை தின்னும். இப்போது எல்லாம் 12 வோல்ட் துளையிலும் டைப்-சி துளையிலும்தான்.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லிவைக்காதீர்கள். பயணிகள் விமானத்தில் 160 வாட் மணிக்கு மேற்பட்ட பேட்டரியைக் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, சரக்கில் போடும் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. அந்த ஊர் மாடல் தருவதும் 120 வோல்ட்தான்.

எதை வாங்கினாலும் கூடவே ஒரு கறுப்பு டேப் வாங்குங்கள். பவர் ஸ்டேஷனின் திரை வெளிச்சத்தை மறைக்காவிட்டால் பக்கத்துத் தொலைநோக்கிக்காரர் சண்டைக்கு வருவார்.