டயர் கிடங்குக்கு ஸ்கேனர் வாங்கப் போகிறீர்களா? துவாஸிலிருந்து ஏழு மாத அனுபவம்

சிங்கப்பூரின் துவாஸில் ஒரு டயர் கம்பெனியின் கிடங்கில் சூப்பர்வைசராக இருக்கிறேன். டயர் செய்வதெல்லாம் வெளிநாட்டு ஆலைகளில், இங்கே கன்டெய்னரில் வந்து இறங்கும், அப்புறம் உள்ளூர்க் கடைகளுக்கும் பக்கத்து நாடுகளுக்கும் போகும். ஏழு மாதத்துக்கு முன்பு எக்செல்லை விட்டுவிட்டு, சரக்குக் கணக்குக்கென்று புதிய மென்பொருளும் கையில் பிடிக்கும் ஸ்கேனர்களும் போட்டோம். எனக்குத் திருப்திதான். ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் பட்ட பாடு இன்னொரு கிடங்குக்கு வரவேண்டாம்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். டயரில் அளவை மட்டும் எண்ணினால் கணக்கு சரியாகாது. 205/55 ஆர்16 என்று இருநூறு டயர் நின்றால் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் பக்கவாட்டில் 'டிஓடி' என்று தொடங்கிப் பொறித்திருக்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தில்தான் அதன் வயது இருக்கிறது. 2324 என்றால் 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரம். பெரும்பாலும் இந்த வார எண் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், அந்தப் பக்கம் அடியில் போய்விட்டால் டயரைப் புரட்டி டார்ச் அடித்துத்தான் படிக்கவேண்டும். லாரி டயர் ஒன்றே 60 கிலோ பக்கம் வரும், யார் புரட்டுவது? முன்னால் நிற்பதை எடுத்து அனுப்பிவிடுவோம், பின்னால் இருப்பது அங்கேயே கிடந்து பழசாகும். கடைக்காரர் வாரத்தைப் பார்த்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்புவார்.

இப்போது இறக்கும்போதே வார எண்ணும் கணக்கில் ஏறிவிடுகிறது. ஆர்டர் வந்தால் எந்த வரிசை, எந்தத் தட்டு, எந்த வாரம் என்று ஸ்கேனரே காட்டும், வேறு வாரத்து டயரை ஸ்கேன் செய்தால் திரை சிவப்பாகிக் கை அதிரும். பழைய வாரத்துக்காகத் திரும்பி வருவது கிட்டத்தட்ட நின்றுவிட்டது. இதற்காகவே காசு தகும்.

இனி குறை. ஸ்கேன் செய்ய ஒவ்வொரு டயரிலும் ஒட்டவென்று விற்றவர்கள் கொடுத்த லேபிள் ரப்பரில் ஒட்டவே இல்லை. புது டயரில் வழவழப்பு இருக்கும், நம் ஊர் ஈரப்பதமும் சேர்ந்தால் கேட்கவேண்டாம், இரண்டாம் வாரமே ஓரம் சுருண்டு ஒவ்வொன்றாகத் தரையில் கிடந்தன. எந்த லேபிள் எந்த டயருடையது என்று தேடித்தேடியே மூன்று நாள் போனது. டயருக்கென்றே அழுத்தமான பசையுள்ள லேபிள் இருக்கிறது, அதைத்தான் கேட்டு வாங்கவேண்டும். பணம் கட்டுவதற்கு முன் உங்கள் டயரிலேயே ஐம்பது லேபிள் ஒட்டி ஒரு மாதம் பாருங்கள்.

அடுத்து வைஃபை. வெறும் கிடங்கில் அளந்துவிட்டுப் போனார்கள், ரேக் நிறைய டயர் ஏறியதும் உள்வரிசைகளில் சிக்னல் செத்துப்போனது. டயரில் கார்பன் கருப்பும் எஃகு கம்பியும் இருக்கிறதே, அலையை அது விடாது. சரக்கு நிறைந்திருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள், நெட் இல்லாமலும் ஸ்கேன் ஆகுமா என்று முதலிலேயே கேளுங்கள்.

ஒரு விஷயத்தில் விற்றவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். எங்கள் ஆட்களில் பாதிப்பேர் தமிழ்நாடு, மீதி பங்களாதேஷ். திரையில் வரும் எச்சரிக்கையைத் தமிழிலும் வங்காளத்திலும் போடச் சொன்னோம், போட்டுக் கொடுத்தார்கள். "இந்தத் தட்டில் இடமில்லை" என்று தமிழில் வந்த அன்று, ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் அண்ணன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "தம்பி, இனிமே உங்களைக் கூப்பிட வேண்டாம்ல?" என்றார். அதுவரை ஒவ்வொரு பிழைக்கும் வண்டியை நிறுத்திவிட்டு என்னிடம்தான் வருவார்.

சிறு நிறுவனமாக இருந்தால் இந்த மாதிரி மென்பொருள், கருவி வாங்க அரசு தரும் பிஎஸ்ஜி மானியத்தைப் பாருங்கள், தகுதி இருந்தால் செலவில் 50 விழுக்காடு வரை கிடைக்கும். விண்ணப்பிக்கும் முன் பணம் கட்டிவிடாதீர்கள், கட்டினால் கிடைக்காது.

ஆர்எஃப்ஐடி, அதாவது ரேடியோ அலையால் படிக்கும் சில்லு, போடலாமே என்று இப்போது கேட்கிறார்கள். லேபிள் மேலே ஒட்டுவதா, ஆலையிலேயே டயருக்குள் வைத்து வருவதா என்பதைப் பொறுத்தது. உள்ளே வைத்து வந்தால் நான் முதல் ஆளாகச் சரி சொல்வேன்.