வெளிவர முன்னமே வாசிக்கலாம் எண்டு சொல்லி 38,500 ரூபா எடுத்த வாசகர் வட்டம்: யாழ்ப்பாணத்து ஆக்கள் கவனம்

38,500 ரூபா. ஏழு பேரின்ர காசு, ஏழு பேரும் புத்தகம் வாசிக்கிற ஆக்கள். நேற்று இரவு அந்த வட்ஸ்அப் குறூப்பில இருந்து எங்கள் எல்லாரையும் ஒரேயடியாத் தூக்கிப் போட்டினம். நம்பரும் புளொக். இனியும் பொறுமையா இருக்கிறதில அர்த்தமில்லை எண்டுதான் இதை எழுதுறன். இப்பிடி ஒரு அறிவித்தல் உங்களுக்கு வந்தா என்ன செய்ய வேணும் எண்டதையும் கடைசியில சொல்லுறன்.

நாங்கள் யாழ்ப்பாணத்தில திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில் பக்கத்து ஆக்கள். மாசத்தில ஒரு ஞாயிறு பின்னேரம் ஆற்றையும் வீட்டு விறாந்தையில கூடி, புதுசா வந்த ஒரு புத்தகத்தை எடுத்துக் கதைக்கிறனாங்கள். ஓய்வு பெற்ற ரீச்சர் ஒராள், பாமசியில நிக்கிற அண்ணை ஒராள், கம்பஸில படிக்கிற பிள்ளையள் ரண்டு பேர், மிச்சம் என்னைப் போல வேலைக்குப் போய்வாற ஆக்கள். பேர் வைச்ச அமைப்பெல்லாம் இல்லை. ஒரே புத்தகத்தை எல்லாரும் ஒரே நேரத்தில வாசிச்சு முடிச்சு, சூடு ஆற முன்னம் கதைக்க வேணும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

ஆனா இஞ்ச இருந்துகொண்டு அதைச் செய்யிறது லேசில்லை. தமிழ்நாட்டில வாற புதுப் புத்தகங்களில கனக்க, ஜனவரியில நடக்கிற சென்னைப் புத்தகக் கண்காட்சிக்கெண்டே அச்சுக்குப் போறது. அங்க ஆக்கள் வாங்கி, வாசிச்சு, சண்டையும் பிடிச்சு முடிச்ச பிறகுதான் யாழ்ப்பாணத்துக் கடைக்கு ரண்டு பிரதி, மூண்டு பிரதி எண்டு வரும். சிலது வராமலே விட்டுடும். வந்தாலும் 350 இந்திய ரூபாப் புத்தகம் எங்கட காசில 1,500ஐத் தொடும். ஏழு பேருக்கு ஏழு பிரதி எண்டது நடக்காத காரியம். ஒண்டை வாங்கிக் கை மாத்திக் கை மாத்தி, கடைசி ஆள் வாசிக்கேக்குள்ள முதல் ஆளுக்குக் கதை மறந்துபோயிடும்.

எங்கட இந்தக் குறையை அறிஞ்சுதான் அவை வலை விரிச்சவை.

கார்த்திகை மாசம், இணையத்தில வாசகர் வட்டம் நடத்துற ஒரு பக்கத்தில அறிவித்தல் ஒண்டு வந்தது. பேர் சொல்ல மாட்டன். முறைப்பாடு குடுத்திருக்கிறன், அதோட இண்டைக்கு ஒரு பேரில இருக்கிறவை நாளைக்கு வேற பேரில வருவினம். கண்காட்சிக்கு வரப்போற மூண்டு நாவலின்ர முன்வாசிப்புப் பிரதி, புத்தகம் வெளிவர ஒரு மாசம் முன்னமே கையில கிடைக்கும், எல்லாரும் சேர்ந்து வாசிக்கலாம், பிறகு சூமில எழுத்தாளரோடயே கதைக்கலாம் எண்டு போட்டிருந்தினம். ஆளுக்கு 5,500 ரூபா. அதில 2,500 அனுப்புக்கூலி, 3,000 வைப்புக் காசு. மதிப்புரை எழுதினவுடன வைப்புக் காசு திரும்பி வரும். இலங்கை வாசகருக்கெண்டு கொழும்பில தனி ஒருங்கிணைப்பாளர் இருக்கிறார் எண்டும் சொல்லியிருந்தினம்.

காசு போட முன்னம் நான் கேள்வி கேட்டனான். ஒண்டில்லை, கனக்கக் கேட்டனான். எந்தப் பதிப்பகம், ஏன் வைப்புக் காசு, கொரியர் எதால வரும் எண்டு எல்லாம். அதுக்கு அந்தப் பக்கத்தின்ர நிர்வாகிப் பெண் எழுதி மறுமொழி போடாமல் நேர போன் எடுத்தவ.

அந்தக் கதையைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைச்சுக்கொண்டு இருக்கிறன். இருபது நிமிசத்துக்கு மேல கதைச்சவ. நல்ல குரல், நல்ல தமிழ். "அக்கா, நீங்க யாழ்ப்பாணம்னு சொன்னதுமே எனக்கு உடம்பு சிலிர்த்துடுச்சு. நூலகம் எரிஞ்ச ஊர்ல இருந்து ஏழு பேர் சேர்ந்து படிக்கிறீங்கன்னா, உங்களுக்குத்தான் முதல் பார்சல்" எண்டவ. 1981ஐச் சொன்னவ. 97,000 புத்தகம் எண்ட கணக்கையும் பிழையில்லாமல் சொன்னவ. எங்கட ரீச்சர் அந்த நூலகத்தில இருந்து படிச்ச ஆள். நான் ஸ்பீக்கரில போட்டிருந்தனான், அவ பக்கத்தில இருந்து கேட்டுக்கொண்டு இருந்தவ. கதைச்சு முடிய ரீச்சர் தன்ர பேர்சைத் திறந்து 5,500ஐ எண்ணி மேசையில வைச்சவ. "உந்தப் பிள்ளை எங்களை விளங்கிக் கதைக்குது" எண்டு சொன்னவ.

அந்த நெருப்பைச் சொல்லித்தான் எங்களிட்டைக் காசு எடுத்தவை. 38,500ஐ விட எனக்கு உதுதான் ஆறேல்லை.

பிறகு ஒரு படம் அனுப்பினவ: மேசையில அடுக்கின புத்தகங்கள், அட்டையில 'திருத்தப்படாத படி, விற்பனைக்கல்ல' எண்டு முத்திரை. கம்பஸ் பிள்ளையள் ரண்டு பேரும் மகாபொலப் புலமைப்பரிசில் காசில இருந்து தந்தவை. எல்லாத்தையும் சேர்த்து என்ர கணக்கில இருந்து 38,500 ரூபா அனுப்பினன். கொழும்புக் கிளை, ஒரு தனி ஆளின்ர பேரில இருந்த கணக்கு. ஏன் நிறுவனத்தின்ர பேரில இல்லை எண்டு அதையும் கேட்டனான். "பதிவு நடந்துக்கிட்டு இருக்கு அக்கா, இவர்தான் எங்க ஒருங்கிணைப்பாளர்" எண்டு மறுமொழி வந்தது. சிலிப் அனுப்பின நிமிசமே கைகூப்பின படமும் நன்றியும் வந்தது.

அதுக்குப் பிறகு ஒவ்வொரு சாட்டு.

முதல், அச்சகத்தில தாமதம் எண்டினம். கண்காட்சி நெருங்கிற நேரம் அச்சகத்தில நெருக்கடி இருக்கிறது உண்மைதான், அதால நம்பினனாங்கள். பிறகு கொழும்பில கஸ்டம்ஸில நிக்குது எண்டினம். என்ன இலக்கம், எந்தக் கொரியர் எண்டு கேட்டா, "ஒருங்கிணைப்பாளர் சொல்வார்" எண்டு ஒரு நம்பர். அந்த நம்பரில ஆள் எடுத்தா, "நான் காசு மட்டும்தான் பொறுப்பு, புத்தகம் அவங்க" எண்டு அங்கால தள்ளிவிட்டார். அவவிட்டைக் கேட்டா திரும்ப அவர். பிறகு பொங்கல் முடியட்டும் எண்டினம். குறூப்பில நான் கேட்டா மற்ற ஆக்கள் பாக்க முன்னம் என்ர மெசேச்சை அழிச்சுப்போட்டுத் தனியா எழுதுறது: "அக்கா, குரூப்ல கேக்காதீங்க, மத்தவங்க மனசு கஷ்டப்படும்." மற்ற ஆக்களும் இதையே கேட்டிருக்கினம், அவையின்ரதையும் அழிச்சிருக்கினம். அதைப் பேந்துதான் அறிஞ்சம்.

இதுக்கிடையில கண்காட்சி துவங்கிட்டுது. நாங்கள் வெளிவர முன்னமே வாசிக்க இருந்த மூண்டு நாவலையும் சென்னையில ஆக்கள் வாங்கிக் கையில பிடிச்சுப் படம் போடுகினம். எங்களிட்டை ஒண்டும் இல்லை.

நான் கொஞ்சம் கடுமையா எழுதின பிறகு ஒரு பிடிஎஃப் வந்தது. மூண்டில ஒரு நாவலின்ர பிடிஎஃப். இப்போதைக்கு இதை வாசியுங்கோ, அச்சுப் பிரதி பிறகு வரும் எண்டு. ரீச்சர் கண் நோக நோகப் போனில வாசிச்சவ. கொப்பியில குறிப்பும் எழுதி வைச்சவ. கம்பஸ் தங்கச்சிதான் கண்டுபிடிச்சவ: ஒவ்வொரு பக்கத்தின்ர அடியிலயும், வெளிச்சத்தைக் கூட்டிப் பாத்தா, மங்கலா வேற ஒராளின்ர பேரும் மின்னஞ்சலும் கிடக்கு. ஆரோ ஒரு வாசகருக்குப் பதிப்பகம் நம்பிக் குடுத்த படி அது. வெளியில போனா ஆரால போனது எண்டு தெரியத்தான் அப்பிடிப் பேர் பதிக்கிறவை. அதைத்தான் எங்களுக்கு வித்திருக்கினம். எங்கட காசும் போய், ஆரோ ஒரு மனிசரின்ர நல்ல பேரும் போகப் பாத்தது.

நான் அந்தப் பதிப்பகத்துக்கே எழுதினன். மறுமொழி உடன வந்தது. அப்பிடி ஒரு வட்டத்துக்குத் தாங்கள் எந்தப் பிரதியும் குடுக்கேல்லை, அபிப்பிராயம் கேட்டு ஒராளுக்கு மட்டும் அனுப்பின படி அது, அச்சில கடைசி அத்தியாயத்தை மாத்தியும் எழுதியாச்சு எண்டு. ரீச்சர் அந்தக் கடைசி அத்தியாயத்தைப் பற்றித்தான் கூட எழுதி வைச்சிருந்தவ. அவவுக்கு இதைச் சொல்ல எனக்கு வாய் வரேல்லை.

வைப்புக் காசையாவது தாங்கோ எண்டு கேட்டதுக்கு வந்த மறுமொழிதான் எல்லாத்தையும் விடக் கேவலம். மூண்டு தளத்தில மூண்டு புத்தகத்துக்கும் ஐஞ்சு நட்சத்திரம் போட்டு, ஸ்கிரீன்ஷொட் அனுப்பினா 3,000 திரும்புமாம். வாசிக்காத ரண்டு புத்தகத்துக்கும் சேர்த்து! மாட்டன் எண்டு எழுதினன். அண்டிரவே ஏழு பேரையும் வெளியில போட்டினம்.

இப்ப, இந்த முன்வாசிப்புப் பிரதி எண்டது உண்மையில எப்பிடி நடக்கிறது எண்டதைச் சொல்ல வேணும். ஏனெண்டா எங்கட பக்கத்தில இது கன பேருக்குப் பழக்கமில்லை, அந்தப் பழக்கமில்லாத இடத்திலதான் அவை பிழைக்கினம். வெளிநாட்டுப் பதிப்பகங்கள் புத்தகம் வெளிவரச் சில மாதங்கள் முன்னம், எழுத்துப் பிழை முழுக்கத் திருத்தாத படியை மதிப்புரை எழுதிறவைக்கும் நூலகர்களுக்கும் கடைக்காரருக்கும் சும்மா குடுக்கிறவை. நெட்கேலி எண்ட தளம் 2008 துவங்கி இதையே கணினியில செய்யுது. அதில வாசகர் சேர ஒரு சதமும் கட்டத் தேவையில்லை, காசு கட்டுறது பதிப்பகம். கேட்டதெல்லாம் கிடைக்காது, பதிப்பகம் விரும்பினாத்தான் தரும், ஆனா இலவசம். அமேசோனின்ர விதியிலயும் எழுதிக் கிடக்கு: இலவசப் பிரதி குடுக்கலாம், அதுக்குப் பதிலா மதிப்புரை போட்டே ஆக வேணும் எண்டு கட்டாயப்படுத்தவோ, இப்பிடித்தான் எழுத வேணும் எண்டு சொல்லவோ ஏலாது. ஐஞ்சு நட்சத்திரத்தை விலை பேசுறது எந்த ஊரிலயும் மதிப்புரை இல்லை.

தமிழிலயும் எங்களுக்கெண்டு ஒரு வழமை இருக்கு. மதிப்புரைக்கு ரண்டு பிரதி அனுப்புங்கோ எண்டு சஞ்சிகையள் கேக்கும், 'வரப்பெற்றோம்' எண்டு பேரைப் போடும். அங்கயும் குடுக்கிறது எழுத்தாளர், வாங்கிறது மதிப்புரைகாரர், வாசகரிட்டை ஒருத்தரும் காசு கேட்டதில்லை. இஞ்ச வெளியீட்டு விழாவில முதற்பிரதி வாங்கிற ஆள் என்வலப்பில எவ்வளவும் வைப்பார், அது சபையில எல்லாரும் பாத்திருக்க, எழுத்தாளரின்ர கையில குடுக்கிறது. அண்டைக்கே புத்தகம் கையில. அந்த முறையில எத்தினை குறை சொன்னாலும், காசு வாங்கின ஆளின்ர முகம் எங்களுக்குத் தெரியும்.

வங்கிக்குப் போனன். "நீங்களா விரும்பி அனுப்பின காசு, நாங்கள் எடுத்துத் தரேலாது, பொலிஸில முறைப்பாடு போட்டிட்டு வாங்கோ" எண்டினம். பொலிஸில, "புத்தகத்துக்கோ 38,500?" எண்டு ஒருவர் சிரிச்சார். எங்கட ரீச்சர் பக்கத்தில நிண்டவ. நகை எண்டாச் சிரிச்சிருப்பாரோ? ஆனா முறைப்பாட்டை எழுதினவை, துண்டும் தந்தவை. கணக்கு உள்நாட்டுக் கணக்கு எண்டபடியா ஆளைப் பிடிக்கேலும் எண்டு நம்புறன்.

காசு சேர்த்து அனுப்பினது என்ர கையால. பிள்ளையள் ரண்டு பேரின்ர 11,000ஐயும் நான் குடுத்திட்டன். மற்றவை வாங்க மாட்டினமாம்.

என்ன செய்ய வேணும் எண்டு சொல்லுறன் எண்டனான், இப்ப ஆறுதலா எழுதுற நிலையில நான் இல்லை. இவ்வளவுதான்: முன்வாசிப்புப் பிரதிக்கு ஆரும் காசு கேட்டா, அது வைப்புக் காசோ அனுப்புக்கூலியோ, அனுப்பாதேங்கோ. காசு போட முன்னம் புத்தகத்தின்ர பதிப்பகத்துக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கோ, அவை மறுமொழி போடுவினம். தனி ஆளின்ர கணக்கெண்டாப் போடவே வேண்டாம். பிடிஎஃப் தந்தா அடியில பாருங்கோ. குறூப்பில உங்கட கேள்வியை அழிச்சா அண்டைக்கே எல்லாத்தையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வையுங்கோ, அழிச்ச மெசேச்சைப் பிறகு பாக்க ஏலாது. நுகர்வோர் அதிகாரசபையின்ர 1977 எண்ட போன் இலக்கத்துக்கும் அடிச்சுச் சொல்லுங்கோ.

கொழும்பு வாசகருக்கெண்டு இதே மாதிரி ஒரு அறிவித்தல் புதுப் பேரில வந்திருக்கு எண்டு இண்டைக்குக் காலமை ஒரு சிநேகிதி அனுப்பினவ. அதே மேசை, அதே முத்திரை குத்தின அதே புத்தகப் படம். இந்த முறை 6,500 ரூபா கேக்கினம். ஆரும் காசு போட்டிருந்தா, போடப் போறியள் எண்டாலும், எனக்குத் தனியா எழுதுங்கோ. கணக்கு இலக்கத்தை ஒப்பிட்டுப் பாத்து, எங்கட முறைப்பாட்டோட உங்கட சிலிப்பையும் சேர்த்துக் குடுக்கலாம்.