கில்பர்ட், அரிசோனா: பூலும் பேக்யார்டும் உள்ள வாடகை வீடு, ஜூலை மாச ரிவ்யூ

ரேட்டிங்க முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு மூணரை. வீட்டுக்கு நாலு குடுக்கலாம், பேக்யார்டுக்கு ஜூலைல ரெண்டுதான், அதே பேக்யார்டுக்கு பிப்ரவரில கண்ண மூடிட்டு அஞ்சு குடுப்பேன். எல்லாம் கூட்டிக் கழிச்சா மூணரைக்கு மேல மனசு வரல.

யாருக்காக எழுதறேன்னா, எங்கள மாதிரி சியாட்டில், போர்ட்லண்ட், சிகாகோ பக்கம் அபார்ட்மெண்ட்ல உக்காந்துட்டு "ஃபீனிக்ஸ் பக்கம் போயிடலாமா"ன்னு ராத்திரி ராத்திரி வீட்டு லிஸ்டிங்க ஸ்க்ரோல் பண்றவங்களுக்காக. நாங்க வாஷிங்டன் ஸ்டேட்ல, சியாட்டில் பக்கத்துல ரெட்மண்ட்ல இருக்கோம். அக்டோபர்ல மூடுற வானம் ஏப்ரல் வரைக்கும் சரியா தொறக்காது, டிசம்பர்ல சாயங்காலம் நாலு இருபதுக்கெல்லாம் சூரியன் போயாச்சு, புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்து ஷூவ கழட்டறதுக்குள்ள இருட்டிடும். ஜன்னலோரம் ஒரு கறிவேப்பிலைச் செடி வெச்சிருக்கேன், ஒவ்வொரு விண்டர்லயும் மொட்டையாகி ஒவ்வொரு சம்மர்லயும் உயிர் பொழைச்சு வருது. இந்தப் பக்கம் டவுன்ஹோம் வாங்குற காசுக்கு அங்க பூல் வெச்ச தனி வீடே கெடைக்குது, அப்புறம் ஆசை வராம என்ன பண்ணும்.

ஆனா ஒண்ணு, அரிசோனாவ பாத்துட்டு வர்ற முக்காவாசி பேரு பிப்ரவரி, மார்ச்லதான் போறாங்க. நாங்களும் போன வருஷம் அப்பதான் போனோம், எங்க ஊர் பேஸ்பால் டீம் மரினர்ஸே, சீசனுக்கு முன்னாடி நடக்கற ஸ்பிரிங் ட்ரெய்னிங்குக்கு அங்க பியோரியாலதான் கெடக்கு. ஆரஞ்சு மரம் பூத்து தெருவே மணக்குது, ஸ்வெட்டர் கூட வேண்டாம், எல்லார் வீட்லயும் பின்பக்கம் க்ரில்ல புகை வருது. அந்த மாசத்துல போனா நரகத்துல கூட ஒரு மனை வாங்கிப் போட்டுடுவோம். அதனால எங்க வீட்டுக்காரர் ஒரே முடிவா சொல்லிட்டாரு, வாங்கறதா இருந்தா ஜூலைல ஒரு வீடு எடுத்து தங்கிப் பாத்துட்டுதான், இல்லன்னா பேச்சே எடுக்காதேன்னு. அப்படி எடுத்த வீடுதான் இது. பெரிய வாடகை வீட்டு ஆப் ஒண்ணுல புக் பண்ணது, ஃபீனிக்ஸ் பக்கத்துல இருக்கற கில்பர்ட்ல, தெற்குப் பக்கம், நாலு பெட்ரூம், பூல், செயற்கைப் புல்லு, பார்பெக்யூ, பெர்கோலா (தூணு மேல சட்டம் போட்ட நிழல் பந்தல்). மார்ச்ல பாத்த ரேட்டுக்கும் ஜூலை ரேட்டுக்கும் ஏறக்குறைய பாதிக்குப் பாதி வித்தியாசம். அந்த வித்தியாசத்த பாத்தாலே பாதி கதை புரிஞ்சிடணும்.

வீட்டுக்குள்ள ஒரு குறையும் இல்ல. ஏசி ரெண்டு யூனிட், மாடிக்கு தனி, கீழ தனி. கிச்சன்ல பெரிய பர்னர், தாளிச்சா பொகைய வெளிய தள்ற நல்ல ஹூட், அமெரிக்கால இது கெடைக்கறது அபூர்வம்னு சமைக்கறவங்களுக்கு தெரியும். சீலிங் ஃபேன் எல்லா ரூம்லயும் இருக்கு, பேட்டியோலயும், அதாவது கூரை போட்ட பின்பக்க தாழ்வாரத்துலயும் இருக்கு. குழாயத் தொறந்தா கோல்ட் பக்கம் வர்ற தண்ணியே மத்தியானம் சுடும், கீசர் கெட்டுப்போச்சுன்னு மெசேஜ் அனுப்பிடாதீங்க, அந்த ஊர்ல கோடைல அப்படித்தான்.

இப்ப பேக்யார்டு. இதுதான் மேட்டர்.

நாங்க இந்த வீட்ட எடுத்ததுக்கு ஒரு காரணம் அது கிழக்கு பாத்த வாசல். நம்மாளுங்க எல்லாருக்கும் அதானே வேணும், வாங்கப் போற வீடும் கிழக்கு பாத்ததுதான்னு அத்தை கண்டிஷனே போட்டுட்டாங்க. கிழக்கு வாசல்னா கொல்லைப்பக்கம் மேற்கு. அரிசோனால மேற்கு பாத்த பேக்யார்டுன்னா மத்தியானம் ரெண்டு மணில இருந்து சூரியன் மறையற ஏழே முக்கால் வரைக்கும் வெயில் சாய்வா நேரா பேட்டியோக்குள்ளயே வந்து உக்காந்துக்கும். மேல கூரை இருந்து என்ன புண்ணியம், வெயில் வர்றது மேலருந்து இல்லயே, பக்கவாட்டுலருந்து. லிஸ்டிங் போட்டோல அழகா தெரிஞ்ச பெர்கோலா இருக்கே, அதோட நிழலு சாயங்காலம் நாலு மணிக்கு நம்ம மேல விழாது, பின்னால சுவத்துல போய் விழுது. ஆர்க்கேடியா டோர்னு அங்க சொல்றாங்களே, அந்த பெரிய கண்ணாடி ஸ்லைடிங் கதவு, அதோட ஹேண்டில துணி இல்லாம தொட முடியல. செயற்கைப் புல்லு பாக்க பச்சைப் பசேல்னு இருக்கு, சின்னவன் செருப்பில்லாம ரெண்டு எட்டு வெச்சான், மூணாவது எட்டு பூலுக்குள்ள.

நெருப்பு இதோட முடியல. அங்க எல்லா வீட்டுக்கும் வேலின்னா ஆறடி கான்கிரீட் பிளாக் சுவருதான். பகல் முழுக்க வெயில வாங்கி வெச்சுக்கிட்டு ராத்திரி பத்து மணிக்கு மெதுவா வெளிய விடுது. சுவத்துப் பக்கம் சேர் போட்டு உக்காந்தா முதுகுல அனல் அடிக்குது. சூரியன் போனதும் குளுந்துடும், பாலைவனம்னா ராத்திரி சில்லுன்னு இருக்கும்னு நெனச்சு வர்றவங்க 2023 ஜூலைய தேடிப் பாருங்க. ஃபீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் 110 டிகிரியோ அதுக்கு மேலயோ, அதாவது 43 செல்சியஸுக்கு மேல. அதே மாசம் ஒரு நாள் ராத்திரில பதிவான மினிமமே 97 டிகிரி. அடுத்த வருஷம் 2024ல 100 டிகிரிய தொட்ட, தாண்டின நாளு தொடர்ச்சியா 113. நாங்க இருந்தப்ப அவ்ளோ மோசமில்ல, ஆனா அந்த ஊர்க்காரங்க யாரும் ஜூலைல பேக்யார்டுல வாழறதில்லங்கறது கண்ணால பாத்தாச்சு. காலைல அஞ்சு மணிக்கு நாய கூட்டிட்டு நடக்கறாங்க, எட்டுக்கு கதவ சாத்திக்கறாங்க, திரும்ப இருட்டினப்புறம்தான் பூல்ல தண்ணி சத்தமே கேக்குது.

பேட்டியோல மிஸ்டிங் லைன் போட்டிருந்தாங்க, பனி மாதிரி தண்ணிய தெளிக்கற குழாய். காத்துல ஈரமே இல்லாத ஜூன்ல அது சூப்பரா வேலை செய்யுமாம். ஜூன் பாதில இருந்து மான்சூன் சீசன் கணக்கு, நாங்க இருந்தப்ப காத்துல ஈரம் ஏறிடுச்சு, மிஸ்டிங் போட்டா குளுர்ச்சிக்கு பதில் கசகசப்புதான் மிச்சம். பாதி நாசில் உப்புத் தண்ணில வெள்ளையா அடைச்சுக்கிட்டு வேற இருந்துச்சு, ஓனர் வருஷத்துக்கு ஒரு தடவையாவது வினிகர்ல ஊறப் போடலாம்.

பூல் நல்ல பூல். ஜூலைல தண்ணி வெதுவெதுன்னு இருக்கும், ராத்திரி ஒன்பதுக்கு மேல எறங்கினா வெளிய வர மனசே வராது. விண்டர்ல வர்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை, பூல் ஹீட்டிங் வாடகைல சேத்தி இல்ல, நாள் கணக்குல தனி சார்ஜ், பிப்ரவரில ஹீட்டர் இல்லாம கால் வெக்க முடியாது. ஒரு பெரிய குறை, பூல் கேட் தானா சாத்தி தானா லாக் ஆகற டைப்தான், ஆனா தாழ்ப்பாள் சரியா பிடிக்கல. ஆறு வயசுக்குக் கீழ கொழந்த இருக்கற வீட்ல பூலச் சுத்தி அஞ்சடி தடுப்பு வேணும்னு அங்க சட்டமே இருக்கு. ஓனருக்கு மெசேஜ் போட்டோம், "ஹேண்டிமேன் வருவார்"னு பதில் வந்துச்சு, ஹேண்டிமேன் வரல. நாங்களே பங்கீ கார்டு (கொக்கி வெச்ச எலாஸ்டிக் கயிறு) போட்டு கட்டி வெச்சோம். அரை ஸ்டார் கொறஞ்சது இதுக்குத்தான்.

சந்தோஷமா இருந்த ஒரே ஆள் அத்தை. திருச்சிலருந்து வந்திருக்காங்க, ரெட்மண்ட்ல ஒவ்வொரு தடவையும் வத்தலு அவன்ல காய வெச்சு அது பாதி வெந்து பாதி காஞ்சு கெடக்கும். இங்க வந்த மறுநாளே ஜவ்வரிசிய காய்ச்சி, பழைய வேட்டிய பூல் டெக்குல விரிச்சு காலைல ஆறு மணிக்கு கரண்டி கரண்டியா ஊத்திட்டாங்க. பத்து மணிக்கு ஓரமெல்லாம் சுருண்டு, வேட்டியப் பின்பக்கம் தண்ணி தெளிச்சு உரிச்சா கண்ணாடி மாதிரி வந்துச்சு. "நம்ம ஊர்ல கூட ரெண்டு நாள் ஆகும்டி, இதுல்ல வெயிலு"ன்னு அவங்களுக்கு ஒரே பூரிப்பு. மூணாவது ஈடு காயப் போட்ட அன்னைக்கு சாயங்காலம் ஹபூப், அதான் புழுதிப் புயல், வந்துச்சு. போன் எல்லாம் ஒரே நேரத்துல அலறுது, தெக்கால ஒரு பழுப்பு சுவரு எழுந்து வருது, அத்தை வேட்டியோட நாலு மூலையையும் அள்ளிக்கிட்டு உள்ள ஓடி வந்தாங்க. பாதி மிச்சம் ஆச்சு, மீதி பாதில மண்ணு நறநறன்னுது. ஓனர் வீட்ட ஒப்படைக்கும்போது பூல க்ளீன் பண்ணித் தரச் சொல்லல, அது நல்ல மனசு.

தேள் பத்தி எல்லாரும் கேக்கறாங்க. இருக்கு. மரப்பட்டைத் தேள்னு (bark scorpion) சின்னதா வெளிர் மஞ்சள்ல இருக்கும், பிளாக் சுவத்து சந்துலதான் குடித்தனம். லாண்டரி ரூம்ல ஓனரே ஒரு யூவி டார்ச் மாட்டி வெச்சிருக்காரு, ராத்திரி சுவத்துல அடிச்சா தேள் பச்சையா மின்னுது, பெரியவளுக்கு அதான் ட்ரிப்போட ஹைலைட். ஷூவ தட்டிட்டுப் போடணும், அவ்ளோதான், அதுக்காக பயந்து வராம இருக்க வேண்டாம்.

அந்த தெருவுலயே ஒரு தமிழ் குடும்பத்த பழக்கம் பிடிச்சோம், வந்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சாம், சேண்ட்லர்ல இன்டெல்ல வேலை. அவங்க கொல்லைய பாத்தப்புறம்தான் எனக்கு விஷயமே வெளங்கிச்சு. அவங்க வீடு வடக்கு பாத்த வாசல், கொல்லை தெற்கு. கோடைல உச்சி வெயில் தலைக்கு நேர் மேல நிக்கும், பேட்டியோ கூரை அப்படியே தடுத்துடுது. குளிர்காலத்துல சூரியன் தாழ்வா தெக்க போகும், அப்ப அதே கூரைக்கு அடில வெயிலு உள்ள வந்து எதமா இருக்குமாம். மேற்கு சுவத்தோரம் வரிசையா முருங்கை வெச்சு நிழல் பண்ணியிருக்காங்க, முருங்கை அங்க காடா வளருது, கறிவேப்பிலை ஆளுயரம், மல்லி புதரு மொட்டா கொட்டுது. ஜனவரில ஒண்ணு ரெண்டு ராத்திரி உறைபனி வரும்போது பழைய பெட்ஷீட்ட போத்தி விடுவாங்களாம். மாங்கன்னுக்கு மட்டும் முதல் ரெண்டு மூணு வருஷம் நிழல் துணி கட்டலன்னா எல கருகிடுமாம். "வாஸ்துக்கு வடக்கும் ஆகும், கரண்ட் பில்லுக்கும் வடக்கு ஆகும்"னாரு அந்த அண்ணன். அத்தை அதுக்கப்புறம் கிழக்கப் பத்தி வாயத் தொறக்கல.

வாங்கற யோசனைல இருக்கறவங்களுக்கு அவர் சொன்ன இன்னும் ரெண்டு விஷயத்தையும் போட்டுடறேன். பில்டர் மாடல் ஹோம்ல காட்டற பேக்யார்டு, அந்த பூலு, கல்லு அடுப்பு, பேரீச்ச மரம், ஒண்ணுமே விலைல சேராது, சாவி குடுக்கும்போது பின்னால வெறும் மண்ணுதான் இருக்கும். அத கொல்லையா மாத்த தனி பட்ஜெட் வேணும், என்னென்ன வெக்கலாம்னு எச்ஓஏ (அந்த காலனியோட வீட்டு ஓனர்கள் சங்கம்) வேற சொல்லும். இன்னொண்ணு தண்ணி. வருஷத்துக்கு ஏழு இஞ்ச் சொச்சம்தான் அங்க மழை, சியாட்டில்ல அதப் போல அஞ்சு மடங்கு. 1980ல போட்ட நிலத்தடி நீர் சட்டப்படி புது லேஅவுட்டுக்கு 100 வருஷத்துக்கு தண்ணி இருக்குன்னு காட்டணும், 2023 ஜூன்ல ஃபீனிக்ஸ் ஏரியால நிலத்தடி நீர மட்டும் நம்பற புது லேஅவுட்டுக்கு ஸ்டேட்டு அப்ரூவல நிறுத்தி வெச்சுது. பக்கை (Buckeye), குயீன் க்ரீக் மாதிரி ஃபீனிக்ஸ் ஓரத்து ஊர்கள்ல ரேட்டு கம்மின்னு ஓடறவங்க அத விசாரிச்சுட்டு ஓடுங்க. டேக்ஸ் கணக்கும் போடணும், வாஷிங்டன்ல சம்பளத்துக்கு ஸ்டேட் டேக்ஸ் கெடையாது, அரிசோனால 2.5 பெர்சன்ட்.

அப்ப போறீங்களா இல்லையான்னு கேட்டா, போறதாத்தான் இருக்கோம். வருஷத்துல ஏழு மாசம் கொல்லைல சாப்பாடு, மிச்ச மாசம் கதவடைச்சு ஏசி, எங்க ஊர்ல இப்ப இருக்கற கணக்க அப்படியே தலைகீழா போட்ட மாதிரி. எனக்கு அது ஓகே. ஆனா மேற்கு பாத்த கொல்லை சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

இந்த வீட்ட யாருக்கு ரெகமெண்ட் பண்ணுவேன்னா, நவம்பர்ல இருந்து ஏப்ரலுக்குள்ள போறவங்க தாராளமா எடுக்கலாம், மேற்கு வெயில் அப்ப வரம். கோடைல டெஸ்ட் பண்ணப் போறவங்களும் எடுக்கலாம், இத விட கறாரான டெஸ்ட் கெடைக்காது. நடக்கற வயசு கொழந்த இருந்தா அந்த கேட் தாழ்ப்பாள சரி பண்ணியாச்சான்னு போட்டோ கேட்டு வாங்கிட்டு அப்புறமா பணத்த கட்டுங்க. ஓனர் இத படிச்சா, பேட்டியோ மேற்குப் பக்கம் கீழ வரைக்கும் எறங்கற ரோலர் ஷேடு ஒண்ணு மாட்டுங்க சார், ஜூலை வாடகைய நீங்க இவ்ளோ கொறைக்க வேண்டியிருக்காது.