டைரியா, சக ஆசிரியரா, ரெக்கார்டரா?

ஆங்கிலம் கற்பிப்பவர்கள் தங்கள் வகுப்பைத் தாங்களே அலசிப் பார்க்கப் பெரும்பாலும் மூன்று வழிகளைச் சொல்வார்கள்: டைரி எழுதுவது, சக ஆசிரியரை வகுப்பில் வந்து உட்காரச் சொல்வது, பாடத்தைப் பதிவுசெய்து கேட்பது. மூன்றையும் செய்து பார்த்துவிட்டு நான் ரெக்கார்டரோடு நின்றுவிட்டேன். செல்டா (CELTA) போன்ற, ஆங்கில ஆசிரியர்களுக்கான சான்றிதழ் படிப்புகளை இதில் சேர்க்கவில்லை. அங்கே பயிற்சியாளர் பார்த்து மதிப்பிட 6 மணி நேரம் பாடம் நடத்த வேண்டும். நல்ல அடித்தளம்தான். ஆனால் அதற்கப்புறம் வகுப்பில் தனியாக நிற்கும் வருடங்களுக்கு வேறு ஏதாவது வேண்டும்.

டைரிக்குச் செலவில்லை, யார் அனுமதியும் வேண்டாம். மோசமான நாளின் எரிச்சலைக் கொட்டித் தீர்க்கவும் உதவும். சக ஆசிரியருக்கோ நமக்குத் தெரியாத கடைசி வரிசை தெரியும்: யார் பக்கத்தில் பார்த்து எழுதுகிறார், யார் புத்தகத்தையே திறக்கவில்லை என்று. ஆனால் அவருக்கும் அதே நேரத்தில் வகுப்பு இருக்கும். மேலதிகாரியாக இருந்தால் அது இன்ஸ்பெக்‌ஷன் ஆகிவிடும்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்: ஆதாரம். டைரியில் இருப்பது வகுப்பைப் பற்றிய என் ஞாபகம். சோர்ந்த மாலையில் அந்த ஞாபகம் 'நன்றாகப் போனது, நேரம் போதவில்லை' என்பதைத் தாண்டாது. பதிவில் இருப்பது நான் உண்மையில் பேசியது.

ஆனால் முழுப் பாடத்தையும் கேட்க உட்கார்ந்தால் இரண்டாம் வாரமே விட்டுவிடுவோம். ஏதாவது 3 நிமிடத்தை எடுத்து, வார்த்தை விடாமல் எழுத வேண்டும். அதற்கே அரை மணி நேரம் போய்விடும். ஒரு துண்டு இப்படி வந்தது:

மாணவி: யெஸ்டர்டே ஐ கோ டு மை ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்.
நான்: ஆ, யூ வென்ட் டு யுவர் ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ். குட். நெக்ஸ்ட்?

திருத்திவிட்டேன் என்றுதான் எந்த டைரியிலும் எழுதியிருப்பேன். அந்தப் பெண்ணின் காதில் விழுந்ததோ 'குட்'. வாயைத் திறந்து 'வென்ட்' சொல்ல அவருக்கு இடமே இல்லை. லிஸ்டர், ரான்டா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட பிரெஞ்சு வழி வகுப்புகள் பற்றிய ஆய்விலும் இதுதான். ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல் இப்படிச் சரியாகத் திருப்பிச் சொல்லும் வகை. மாணவர்கள் மிகக் குறைவாக எதிர்வினை காட்டியதும் அதற்குத்தான். எழுதி எடுத்தபின் அடுத்த வகுப்பில் ஒன்றை மட்டும் மாற்றினேன்: 'யெஸ்டர்டே யூ...' என்று இழுத்துவிட்டு நிறுத்துவது. அந்தப் பதிவில் சின்ன மௌனம், அப்புறம் மாணவியின் குரலிலேயே 'வென்ட்'.

மௌனத்தை அளப்பதும் பதிவில்தான் முடியும். கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள், 3 விநாடி பொறுத்தால் பதில்கள் நீளும் என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ அறிவியல் வகுப்புகளில் கண்டறிந்தார். நிற்கும்போது 3 விநாடி ஒரு யுகம் மாதிரி இருக்கும். கேட்கும்போது ஒன்றுமே இல்லை.

குறைகளும் உண்டு. குழு வேலை நடக்கும்போது மேசை மேல் வைத்த போனில் வெறும் இரைச்சல்தான். யார் முகம் சுளித்தார் என்றும் தெரியாது. என் அனுபவம் பெரியவர்கள் வகுப்பில். சிறு பிள்ளைகளிடம் இது எவ்வளவு தூரம் சரிவரும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். வீடியோவை ஒன்றிரண்டு தடவைதான் முயன்றேன். எல்லோரும் கேமராவையே பார்த்தார்கள். எதுவானாலும் மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், எழுதி முடித்ததும் பதிவை அழித்துவிடுங்கள்.

மற்ற இரண்டையும் அடியோடு விட்டுவிடவில்லை. எழுதிய துண்டின் கீழே இரண்டு வரி கருத்து சேர்ப்பேன், டைரி அவ்வளவுதான். பெயர்களை எடுத்துவிட்டு அந்தப் பக்கத்தைச் சக ஆசிரியரிடம் கொடுப்பேன். என் வகுப்புக்கு வர அவருக்கு நேரம் ஒத்துவராது, ஒரு பக்கம் படிக்க இடைவேளை போதும்.