2009-ஆ, 2015-ஆ: பார்சிலோனாவின் எந்த சீசன் பெரியது?

ஸ்பெயின் கால்பந்து கிளப் ஒன்று லா லிகா (ஸ்பெயின் லீக்), கோபா தெல் ரே (ஸ்பெயினின் நாக்-அவுட் கோப்பை), சாம்பியன்ஸ் லீக் (ஐரோப்பிய கிளப் கோப்பை) மூன்றையும் ஒரே சீசனில் அள்ளியது இரண்டு முறைதான். இரண்டும் பார்சிலோனா. பயிற்சியாளர் 2008-09-இல் குவார்டியோலா, 2014-15-இல் லூயிஸ் என்ரிக்கே. எது பெரியது என்று கேட்டால் பத்தில் எட்டுப் பேர் யோசிக்காமல் 2009 என்பார்கள். என் ஓட்டு 2015-க்கு. ஏன் என்று சொல்கிறேன், 2009-க்குச் சேர வேண்டியதைக் குறைக்காமலே.

முதலில், எங்கிருந்து கிளம்பினார்கள் என்பது. 2007-08-இல் பார்சிலோனா மூன்றாம் இடம். சாம்பியன் ரியல் மாட்ரிட்டைவிட 18 புள்ளி பின்னால். ரொனால்டின்யோவையும் டெக்கோவையும் அனுப்பிவிட்டு, நான்காம் டிவிஷனில் பி அணியை ஒரே ஒரு சீசன் நடத்திய 37 வயதுக்காரர் கையில் அணியைக் கொடுத்தார்கள். முதல் லீக் ஆட்டத்திலேயே நுமான்சியாவிடம் 1-0 தோல்வி. அடுத்தது சொந்த மைதானத்தில் ராசிங்குடன் 1-1. பத்திரிகைகள் கத்தியைத் தீட்டத் தொடங்கிய நேரத்தில் ஹிஹோனைப் போய் 6-1 என்று அடித்தார்கள். அதற்குப் பிறகு கிளம்பிய வண்டி நிற்கவில்லை.

2014-15 வேறு கதை. நெய்மார் ஏற்கெனவே இருந்தார், சுவாரெஸ் பெரும் பணத்துக்கு வந்தார். ஆள்பலத்தில் குறையில்லை, வீட்டுக்குள்தான் சண்டை. உலகக் கோப்பையில் கடித்ததற்கான தடையால் சுவாரெஸ் அக்டோபர் கடைசிவரை ஆட முடியவில்லை. ஜனவரி 4 அன்று ரியல் சொசியெதாத்தின் அனோயெட்டா மைதானத்தில் மெஸ்ஸியையும் நெய்மாரையும் பெஞ்சில் உட்காரவைத்தார் லூயிஸ் என்ரிக்கே. இரண்டாம் நிமிடத்திலேயே ஜோர்டி ஆல்பா சொந்த வலைக்குள் பந்தைப் போட, 1-0 தோல்வி. மறுநாள் விளையாட்டு இயக்குநர் சுபிசரெத்தாவின் வேலை போனது. பயிற்சியாளர் பொங்கல்வரை தாங்குவாரா என்பதுதான் அன்றைய பேச்சு. சரிவிலிருந்து எழுந்ததை வைத்துப் பார்த்தால் இரண்டும் சமம்தான்.

லீக் புள்ளிகளில் 94-க்கு 87 என்று 2015 முந்துகிறது. ஆனால் இதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2009-இல் மாட்ரிட் வில்லாரியலில் தோற்றதும் பட்டம் உறுதியாகிவிட்டது. மிச்சமிருந்த மூன்று ஆட்டங்களில் பார்சிலோனா எடுத்தது ஒரே புள்ளி; மனசெல்லாம் ரோமில் நடக்கவிருந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியில் இருந்தது. 2015-இல் அந்தச் சொகுசு கிடையாது. மாட்ரிட் 92 புள்ளியோடு முதுகில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கடைசிக்கு முந்தைய வாரம், கால்டெரோன் மைதானத்தில் அட்லெடிகோவுக்கு எதிராக மெஸ்ஸி அடித்த ஒற்றை கோலில்தான் பட்டம் கைக்கு வந்தது.

அப்புறம் தடுப்பாட்டம். 2009-இல் 38 ஆட்டங்களில் வாங்கிய கோல் 35, 2015-இல் வெறும் 21. லீக் தொடங்கியதும் முதல் எட்டு ஆட்டங்களில் கோல்கீப்பர் கிளாவ்டியோ பிராவோ ஒரு கோல்கூட விடவில்லை. மெஸ்ஸி, சுவாரெஸ், நெய்மார் என்று பாடிக்கொண்டிருக்கும் கூட்டம் இந்தக் கணக்கைப் பேசுவதே இல்லை.

கோபாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு முறையும் இறுதியில் அத்லெடிக் பில்பாவோ, 4-1, 3-1. 2015-இல் ஆடிய ஒன்பது கோபா ஆட்டங்களிலும் வெற்றி, அவ்வளவுதான்.

உண்மையான வாதம் ஐரோப்பாவில்தான். 2009 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், செல்சியின் ஸ்டாம்போர்டு பிரிட்ஜ் மைதானம். ஒன்பதாம் நிமிடத்தில் செல்சியின் எசியன் இடது காலால் அறைந்த பந்து கிராஸ்பாரில் பட்டு உள்ளே போனது. பார்சிலோனாவின் அபிதாலுக்குச் சிவப்பு அட்டை, மிச்சம் பத்துப் பேர். செல்சி கேட்ட பெனால்டிகளில் ஒன்றைக்கூட நடுவர் ஓவ்ரெபோ கொடுக்கவில்லை. குறைந்தது இரண்டு கொடுத்திருக்க வேண்டியவை என்றே எனக்குத் தோன்றுகிறது. 93-ஆம் நிமிடத்தில் இனியெஸ்டா ஒரு உதை. இலக்கை நோக்கி பார்சிலோனா அன்று அடித்த முதல் உதையே அதுதான். 1-1; மொத்தக் கோல் சமமானால் வெளியூரில் அதிகம் அடித்த அணிக்கே வெற்றி என்ற அப்போதைய விதியால் ரோமுக்கு டிக்கெட். அந்த உதை ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இல்லை.

2015-இல் நாக்-அவுட் சுற்றில் அப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்ட தருணம் ஒன்றுகூட இல்லை. எதிரிகளைப் பாருங்கள்: மான்செஸ்டர் சிட்டி, பிஎஸ்ஜி, பயர்ன் மியூனிக், யுவென்டஸ். குழுச் சுற்றில் அயாக்ஸ், அபோயல். அத்தனை பேரும் முந்தைய சீசனில் தத்தம் நாட்டு லீக் சாம்பியன்கள்! இப்படி ஒரு பாதை யாருக்காவது எளிதில் அமையுமா? பயர்ன் பயிற்சியாளர் யார் என்பது இன்னும் சுவை: அதே குவார்டியோலா. பார்சிலோனாவின் மைதானமான காம்ப் நோவில் 77 நிமிடம் கோல் விழாமல் பிடித்துவைத்திருந்தார். பிறகு மெஸ்ஸி மூன்று நிமிடத்துக்குள் இரண்டு. இரண்டாவதில் பயர்ன் தடுப்பாட்டக்காரர் போவாடெங் வெட்டிய வாழைபோலச் சாய்ந்தார். 3-0. அந்தப் பயர்னில் ராபென், ரிபெரி, ஆலபா மூவரும் காயத்தால் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆனால் 2009-க்கும் இதே நியாயம் உண்டு. ரோம் இறுதியில் ஆல்வெஸ், அபிதால் இருவருக்கும் தடை, மார்க்கெஸுக்குக் காயம். நடுக்கள வீரர் யாயா டூரேயை நடுப் பின்களத்தில் நிறுத்தி, நடப்பு ஐரோப்பிய சாம்பியன் மான்செஸ்டர் யுனைடெட்டை 2-0 என்று வென்றார்கள். அன்று இறங்கிய பதினொருவரில் ஏழு பேர் கிளப்பின் சொந்த அகாடமியில் வளர்ந்தவர்கள். 2015-இன் ஆட்டக்காரர்கள் கடையில் வாங்கியவர்கள் என்று 2009 கட்சிக்காரர்கள் குத்திக்காட்டுவது இதை வைத்துத்தான். அதில் பாதி உண்மை உண்டு.

அதோடு, 2009 மே 2 அன்று மாட்ரிட்டின் பெர்னாபியூ மைதானத்திலேயே பார்சிலோனா 6-2 என்று வென்றது. மெஸ்ஸியை நடுவில் இறக்கி, எட்டோவை வலப்பக்கம் தள்ளினார் குவார்டியோலா. மெஸ்ஸியைத் துரத்திக்கொண்டு முன்னே வருவதா, இடத்திலேயே நிற்பதா என்று மாட்ரிட்டின் நடுப் பின்களத்தினருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. 2015 அணிக்கு இப்படி ஒரு ஆட்டம் இல்லை. அது எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. பந்தைப் பறித்த நாலாவது நொடியில் எதிரணியின் பெட்டிக்குள் இருந்தது, அவ்வளவே. மெஸ்ஸி, சுவாரெஸ், நெய்மார் மூவரும் சேர்ந்து அந்த சீசனில் அடித்தது 122 கோல். மெஸ்ஸி, எட்டோ, ஹென்றி 2009-இல் அடித்தது சரியாக 100.

மொத்தக் கணக்கு: 2009-இல் 62 ஆட்டம், 42 வெற்றி, 13 சமன். 2015-இல் 60 ஆட்டம், 50 வெற்றி, 4 சமன். எட்டு வெற்றி வித்தியாசத்தை எப்படித் தட்டிக்கழிப்பது? சமனான ஆட்டங்களில்தான் 2009 ரசிகனுக்கு ரத்த அழுத்தம் ஏறியது. செல்சியோடு நடந்த இரண்டும் அதில் சேர்த்தி.

நடுக்களத்தை மட்டும் எடுத்துப் போட்டி வைத்தால் 2009 ஜெயிக்கும். சாவியும் இனியெஸ்டாவும் அப்போது உச்சத்தில் இருந்தார்கள். 2015 சாம்பியன்ஸ் லீக் இறுதி நடந்த பெர்லினில் 78-ஆம் நிமிடத்தில் இனியெஸ்டா வெளியே வர, சாவி உள்ளே போனார், பார்சிலோனாவுக்காகக் கடைசி முறையாக. ரோமில் ஆட்ட நாயகன் அவர். பெர்லினில் மாற்று வீரர். இரண்டு இரவும் கோப்பையைத் தொட்ட அவரிடமே கேட்டாலும் 2009 என்றுதான் சொல்வார் என்று நினைக்கிறேன். நான் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.