7 போட்டால் கொஞ்சம் பொறுக்கணும்

வேறு ஆஸ்பத்திரிக்கு மாறிப்போன நண்பர் நேற்று போனில் கேட்டார்: இரண்டு கட்டடத்திலும் ஆளுக்கொரு பழைய இன்டர்காம் எக்ஸ்சேஞ்ச் இருக்கிறது, கேபிள் இழுத்து இணைத்துவிட்டால் போதாதா, புதிதாக ஒன்று எதற்கு என்று. பத்து வருடத்துக்கு மேலாக அப்படி இணைத்த ஒன்றில்தான் காலம் தள்ளுகிறேன், ஆகவே சொல்லலாம்.

நான் வேலை பார்க்கும் லேப் புதிய கட்டடத்தில், வார்டுகள் பழையதில். இரண்டு எக்ஸ்சேஞ்ச் பெட்டியிலும் 214 என்ற எண் உண்டு, அங்கே ஆண்கள் வார்டு, இங்கே கேன்டீன். அதனால் அந்தப் பக்கம் பேச முதலில் 7 போட்டு, இரண்டாவது டயல் டோன் வரும்வரை பொறுத்து, அப்புறம்தான் 214. அவசரப்பட்டு ஒரே மூச்சில் அடித்தால் 2-ஐ விழுங்கிவிட்டு 14-ஐ மட்டும் அனுப்பும். 7-ஐயே மறந்தால்? ஒருமுறை ஒரு நோயாளியின் ரத்தத்தில் பொட்டாசியம் 6.8, ஆபத்தான அளவு என்று பதறிப்போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், மறுமுனையில் "எத்தனை டீ சார்?"

அதுகூடப் பழகிவிட்டது. பழகாதது, கூப்பிட்டவர் வைத்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கும் மணி. கையுறையைக் கழற்றி எறிந்து ஓடிவந்து எடுத்தால் என்கேஜ்டு டோன்தான். யார் கூப்பிட்டது? டிஸ்ப்ளேயில் வார்டு எண் வராது, லைன் எண்தான் வரும். நடுவில் இருப்பதே நாலு லைன், இரண்டு இப்படி மாட்டிக்கொண்டால் காலையில் சாம்பிள் வரும் நேரத்தில் மற்றவர்கள் பாடு திண்டாட்டம். எங்களுக்குத் தெரிந்த வைத்தியம் பெட்டியை அணைத்துப் போடுவது.

போன வாரம் வேறு எதற்கோ வந்த சர்வீஸ் பையன்தான் காரணத்தைச் சொன்னான். வார்டில் ரிசீவரை வைத்ததும் பழைய பெட்டி அந்த லைனில் என்கேஜ்டு டோன் அனுப்புமாம், அதைக் கேட்டுத்தான் எங்கள் பெட்டி லைனை விடணும். பழையது நம் நாட்டு அளவுப்படி முக்கால் வினாடி சத்தம், முக்கால் வினாடி மௌனம் என்று அடிக்கிறது. எங்களுடையதில் அரை வினாடி என்று யாரோ செட் பண்ணி வைத்திருக்கிறார்கள். 0.50-ஐ 0.75 ஆக்கினான், ஐந்து நிமிட வேலை, மணி அடங்கிவிட்டது. இத்தனை வருட ஓட்டத்துக்கு யாரிடம் போய்க் கணக்குக் கேட்பது?

ஒன்று சொல்லணும். 2016 டிசம்பர் 12, வர்தா புயல் சென்னையைப் புரட்டிப்போட்ட அன்று கரன்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை. இரண்டு பெட்டியும் 48 வோல்ட் பேட்டரியில் ஓடின, 7 போட்டால் டோன் வந்தது. ராத்திரி முழுக்க ரிசல்ட் அதில்தான் சொன்னோம். அன்றைக்கு அந்த இரண்டாவது டோன் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

நண்பரிடம் இணைக்கவே வேண்டாம், பெரிதாக ஒரே பெட்டியாக வாங்குங்கள் என்று சொல்லிவிட்டேன். எங்கள் ஆபீஸிலும் அப்படி ஒன்றுக்குக் கொட்டேஷன் வாங்கிக் கையெழுத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நான் இன்னும் போடவில்லை, இப்போதுதானே சரியாகியிருக்கிறது.